இருபத்தெட்டுக் கட்டை

குமாரவேல் முதலாளி கடையைப் பிறர் கையில் விட்டுவிட்டு எழுந்து நடப்பது அபூர்வம். றக்வான பஸாரில் அவருடைய பலசரக்குக் கடையில் அவர் உட்காரும் நாற்காலிக்கும் அவருக்கும் இருபத்தைந்து வருடப் பழக்கம். அதனால் அந்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் குடையை இடுக்கிக்கொண்டு, பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த அனுஷியாவின் டைப் கடைப் படியேறியபோது, பெஞ்சில் சாய்ந்து கிடந்த நிலாம் விசுக்கென்று நிமிர்ந்து உட்கார்ந்தான்.

நிலாம் திரீவீல் ஓட்டுபவன். வயது முப்பத்தாறு. ஹயர் இல்லாத நேரமெல்லாம் அந்த பெஞ்சில்தான் இருப்பான். ஊரில் நடக்கும் எந்த விவகாரத்தின் தலையும் வாலும் தனக்குத் தெரியாமல் போய்விடக்கூடாது என்பது அவன் கொள்கை.

அனுஷியாவுக்கு நாற்பத்திரண்டு வயது. கடையின் முன்பக்கம் தொழில், பின்பக்கம் ஒரு அறையில் தனிக்குடித்தனம். மேசையில் இரண்டு தட்டச்சு இயந்திரங்கள்; ஒன்று தமிழ், மற்றது சிங்களம். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் சிங்களம் சரளமாகப் பேசுகிறவர்கள் ஏராளம். எழுத வேண்டும் என்று வந்தால்தான் எல்லோரும் இவளிடம் ஓடி வருவார்கள். பதினெட்டு வருடமாக மற்றவர்களின் முறைப்பாடுகளை அடித்து அடித்து, ஒருவர் கதை சொல்லும்போது எந்த இடத்தைத் தொடாமல் தாண்டிப் போகிறார் என்பது அவளுக்குப் பிடிபட்டுப் போயிருந்தது. பொலிசுக்குப் போக வேண்டிய மூன்று நான்கு திருட்டுகள் இந்த மேசையிலேயே முடிந்திருக்கின்றன.

"மிஸ், பொலிசுக்கு ஒரு முறைப்பாடு அடிக்கணும். சிங்களத்துல. இன்னைக்கே குடுக்கணும்" என்றார் குமாரவேல்.

"யார் மேல மொதலாளி?"

"என் டிரைவர் மேலதான். சின்னத்தம்பி."

அனுஷியா இயந்திரத்தில் காகிதத்தைச் சுருட்டி ஏற்றினாள். ஆனால் விரலை வைக்கவில்லை. தொண்ணூற்றேழாம் வருடம் அது, யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம். ஒரு தமிழ் ஆளின் பெயரை ஒரு காகிதத்தில் அடித்துப் பொலிசில் கொடுத்தால் அந்த ஆள் எந்த முகாமுக்குப் போவான், எந்த வருடம் திரும்பி வருவான் என்று யாராலும் சொல்ல முடியாது. அவள் அடித்துக் கொடுத்த அப்படியான ஒரு காகிதம் இன்னும் அவள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

"முதல்லயிருந்து சொல்லுங்க" என்றாள்.

"போன வாரம் கார் விக்கிறதுக்கு நீங்கதானே பேப்பருக்கு விளம்பரம் அடிச்சுத் தந்தீங்க?"

அவள் லாச்சியைத் திறந்து கார்பன் பிரதியை எடுத்தாள். நிஸான் சன்னி, எண்பத்து நாலாம் ஆண்டு, நல்ல நிலையில், ஓடியது 62,410 மைல். ஊர்ப் பேச்சில் மைலுக்குக் கட்டை என்று பெயர்.

"அதைப் பார்த்துட்டு ரத்னபுரியிலருந்து கபூர்னு ஒருத்தர் வந்தாரு. காருக்குப் பதிலா ஒரு சின்ன லொறி தாறேன்னாரு. கடைக்கு லொறிதானே தேவை. நாளைக்குக் காலையில வண்டியை மாத்திக்கிறதா பேச்சு." குமாரவேல் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "போன சனிக்கிழமை முழுக்க சின்னத்தம்பிதான் காரை ஒழுங்கு பண்ணினான். சர்விஸ் பண்ணி, அடிப்பக்கம் கழுவி, டயருக்குக் கறுப்பு அடிச்சு, பின் சீட்டுக்குப் புதுப் பொலித்தீன் போட்டு, டேஷ்போர்டை எல்லாம் பொலிஷ் பண்ணினான். பிள்ளையார் படத்தைக் கழட்டி நானே வீட்டு சாமியறையில வச்சேன். சாமியைச் சேத்து விக்க முடியாதே. சாயங்காலம் கராஜைப் பூட்டுறப்போ மீட்டரைப் பார்த்தேன். அதே அறுபத்திரெண்டாயிரத்து நானூத்திப் பத்து."

"அப்புறம்?"

"ஞாயித்துக்கிழமை விடிய நான் கொழும்புக்குப் போயிட்டேன், சரக்கு எடுக்க. திங்கக்கிழமைதான் வந்தேன். செவ்வாய்க்கிழமை அந்த கபூர் போன் பண்ணி மீட்டர் சரியா எவ்வளவுன்னு கேட்டாரு. போய்ப் பார்த்தா நானூத்தி முப்பத்தெட்டு. இருபத்தெட்டுக் கட்டை ஓடியிருக்கு!"

நிலாமுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "போக பதினாலு, வர பதினாலு" என்றான்.

"அதைத்தான் நானும் சொல்றேன்." குமாரவேலின் குரல் தாழ்ந்தது. "கீழ்ரோட்டுல பதினாலாங்கட்டைச் சந்தி. அதே ஞாயித்துக்கிழமை அந்தச் சந்தியில ஒரு லொஜ்ல வவுனியாப் பக்கத்து ஆளுங்க ரெண்டு பேரைப் பிடிச்சிருக்காங்க. அவனுங்களை யாரோ காருல கொண்டாந்து விட்டதாக் கதை. வண்டி என் பேருல இருக்கு மிஸ். நாளைக்கு அவங்க தேடி வந்தா, நானா முன்னுக்குப் போய்ச் சொல்லல்லைன்னா, நானும் உள்ளதான்."

அவர் குடையின் பிடியை முறுக்கிக்கொண்டே இருந்தார். கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். பயந்த மனிதர்கள்தான் இந்த மேசைக்கு அதிகமாக வருவார்கள்.

"சின்னத்தம்பி என்ன சொல்றான்?"

"வண்டியை எடுத்தது நான்தான், தப்பா ஒண்ணும் செய்யல்ல, எங்கன்னு மட்டும் கேக்காதீங்கன்னு சொல்றான். அப்படிச் சொன்னா என்ன அர்த்தம்? பதினோரு வருசம் என்கிட்ட வேலை செஞ்ச ஆள்."

"கராஜ் சாவியும் கார் சாவியும்?"

"ஒரு செட் என் இடுப்புல, கொழும்பு வரைக்கும் வந்துச்சு. மத்தது வீட்டுல அலுமாரியில. இவன் களவா ஒண்ணு வெட்டியிருக்கணும்."

"வீட்டுல அம்மாகிட்ட கேட்டீங்களா?"

"அவகிட்ட எதுக்கு? பயந்துருவா. கடை விசயம், வண்டி விசயமெல்லாம் நான் வீட்டுல பேசுறதில்ல. அவளும் கேக்க மாட்டா. பேச்சே கம்மி."

அனுஷியா காகிதத்தை இயந்திரத்திலேயே விட்டுவிட்டு எழுந்தாள். "முறைப்பாட்டுல வண்டியைப் பத்தி எழுதணும்னா வண்டியை ஒருதடவை நான் பார்க்கணும் மொதலாளி. பகல் ரெண்டு மணிக்கு முந்தி உங்களுக்கு ஒரு பதில் சொல்றேன். அதுவரைக்கும் பொறுங்க."

குமாரவேல் யோசித்தார். பிறகு தலையாட்டினார்.

*

குமாரவேலின் வீடு பஸாரிலிருந்து அரைக் கட்டை மேலே, தேயிலைச் சரிவை ஒட்டி இருந்தது. வாசல் படலைக்கு வெளியே கல்லின்மேல் ஒருவன் உட்கார்ந்திருந்தான். தோய்த்து மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. பொலிசுக்குப் போவதற்காக உடுத்தி வரும்படி குமாரவேல் சொன்னாராம். சின்னத்தம்பி அதையும் சொன்னபடி செய்திருந்தான்.

"பொஞ்சாதிகிட்ட என்ன சொல்லிட்டு வந்தீங்க?" என்று கேட்டாள் அனுஷியா.

"ஹயர் போறேன்னு சொன்னேன் மிஸ். ரெண்டு புள்ளைங்க இருக்கு. அழும்."

"எங்க போனேன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சிருமே?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நான் சொன்னா வேற ஒருத்தருக்குக் கரைச்சல் மிஸ். சொல்ல வேண்டியவங்க சொன்னா சரி. நான் சொல்ல மாட்டேன்."

நிலாம் அவளுடைய காதருகே குனிந்தான். "பார்த்தீங்களா, வேற ஒருத்தர் இருக்கார்! அந்த லொஜ் ஆளுங்கதான்."

"அவசரப்படாதீங்க" என்றாள் அனுஷியா.

கராஜில் கார் மாப்பிள்ளைக் கோலத்தில் நின்றது. வெளிர்நீல உடம்பு பளபளத்தது. குமாரவேலைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அவள் சுற்றி வந்தாள். டயரின் பக்கவாட்டில் கறுப்புப் பூச்சு மினுங்கியது. ஆனால் தரையைத் தொடும் இடத்தில், பள்ளங்களுக்குள், செம்மண் காய்ந்து இறுகியிருந்தது. பின் சீட்டின் பொலித்தீன் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் விரிந்திருந்தது.

"பின்னால யாரும் உட்காரல" என்றாள்.

"அப்ப லொஜ் ஆளுங்க ரெண்டு பேரும் முன்னாலயா உட்கார்ந்தாங்க?" என்று கேட்டான் நிலாம். கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வி தன் கட்சிக்கே எதிராகப் போவதை உணர்ந்து தலையைச் சொறிந்தான்.

அவள் இடப்பக்கக் கதவைத் திறந்து முன் சீட்டுக்கு அடியில் கைவிட்டாள். தேசிக்காய் ஒன்று, எலுமிச்சைதான், உருண்டு வந்தது.

"ஐயோ!" குமாரவேல் இரண்டடி பின்வாங்கினார். "செய்வினையா? யாரோ வச்சிருக்காங்க!"

அனுஷியா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சற்று வாடியிருந்தது. வெட்டப்படவில்லை, குங்குமம் இல்லை, ஊசி இல்லை. தோலில் மட்டும் நகத்தால் கீறிய சின்னச் சின்னப் பிறைகள், ஏழெட்டு இடத்தில். அவள் அதைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

டேஷ்போர்டில் பிள்ளையார் படம் இருந்த இடம் சற்று வெளுத்துத் தெரிந்தது. பொலிஷ் பண்ணிய பரப்பு கண்ணாடியாக இருந்தது. ஆனால் அந்த வெளுத்த சதுரத்தின் கீழ் விளிம்பில், பொலிஷுக்கு மேல், கொஞ்சம் குங்குமத்தூள் உதிர்ந்து கிடந்தது.

கடைசியாக அவள் சாரதி ஆசனத்தில் உட்கார்ந்து மீட்டர் வட்டத்தை நெடுநேரம் பார்த்தாள். மூக்கு கண்ணாடியில் தொடும் அளவுக்குக் குனிந்தாள்.

"மொதலாளி, உங்களுக்கு ஓட்டத் தெரியுமா?"

"இல்ல மிஸ். அதுக்குத்தானே டிரைவர்."

"இதுக்கு முந்தி என்ன கார் வச்சிருந்தீங்க?"

"பழைய மொரிஸ் மைனர். வெள்ளைக்காரத் துரை ஒருத்தர் விட்டுட்டுப் போனது."

அவள் பெருமூச்சு விட்டு இறங்கினாள். முகத்தில் கொஞ்சம் வெட்கம் தெரிந்தது.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து குமாரவேலின் மனைவி அன்னலட்சுமி தட்டில் மூன்று கோப்பை பிளேன்டியோடு வந்தாள். ஐம்பதை நெருங்கிய, மெலிந்த அம்மா. தட்டை நீட்டினாள். யார் இவர்கள், எதற்குக் காரைக் குடைகிறார்கள் என்று அவள் கேட்கவில்லை. குமாரவேலும் சொல்லவில்லை.

"அம்மா எங்கேயும் பயணம் போறதில்லையா?" என்று பேச்சுக் கொடுத்தாள் அனுஷியா.

பதில் குமாரவேலிடமிருந்துதான் வந்தது. "அவளுக்கு வண்டி ஒத்துக்காது மிஸ். வளைவு ரோட்டுல வயித்தைப் புரட்டும். அதான் எங்கயும் கூட்டிட்டுப் போறதில்ல."

அன்னலட்சுமி வெறும் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

*

"இப்ப எங்க மிஸ்? கீழ்ரோட்டா?" திரீவீலை உதைத்துக் கிளப்பினான் நிலாம்.

"மேல்ரோட்டு. ஒன்பதாங்கட்டைக்குப் போவோம்."

"ஒன்பதா! மொதலாளி பதினாலுங்கிறாரு. பதினாலு பதினாலு இருபத்தெட்டு. நான் மூணாம் வகுப்போட நின்னாலும் இது எனக்குத் தெரியும்."

"உங்க திரீவீல் மீட்டர் என்ன காட்டுது நிலாம்?"

"கட்டைதான்."

"நல்லாப் பாருங்க."

நிலாம் ஓட்டிக்கொண்டே குனிந்து பார்த்தான். வண்டி ஒரு முறை ஓரத்துக்குப் போய் வந்தது. "என்னமோ கே, எம்னு சின்னதா போட்டிருக்கு."

"கிலோமீட்டர். ஜப்பான்காரன் காருலயும் அதேதான் போட்டிருக்கு. மொரிஸ் மைனர்ல ஓடினது மைல். அந்தப் பழக்கத்துல மொதலாளி இதையும் கட்டைன்னே நினைச்சிட்டிருக்காரு. நாம எல்லாரும் அப்படித்தான். ரோட்டுக்கல்லுல கிலோமீட்டர் எழுதி எத்தனையோ வருசமாச்சு, இன்னும் வாயில கட்டைதான் வருது. அவர் கட்டைன்னு சொன்னாரு, நான் மைல்னு அடிச்சுக் குடுத்தேன். அந்தப் பிழை என்னோடது. மீட்டரை ஒருதடவை பார்த்திருக்கணும்."

"அப்ப இருபத்தெட்டுக் கிலோமீட்டர்னா?"

"போய் வர பதினேழரைக் கட்டை. ஒரு பக்கத்துக்கு ஒன்பதுக்குக் கொஞ்சம் குறைய. பதினாலாங்கட்டைச் சந்திக்கு அந்தக் கார் போகவே இல்ல."

நிலாம் சீட்டிலேயே துள்ளினான். "அல்லாஹ்! ஆள் தப்பிச்சான்!" பிறகு சந்தேகம் வந்தது. "கீழ்ரோட்டுலயும் ஒன்பதாங்கட்டை இருக்கே மிஸ்?"

"கீழ்ரோடு முழுக்கத் தார். சனிக்கிழமை கழுவின டயர்ல செம்மண் எப்படி வந்துச்சு? மேல்ரோட்டுல எங்க தார் முடியுது?"

"ஏழாங்கட்டையில!" என்று நிலாம் கத்திய கத்தலில், கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஏழாங்கட்டைக்கு மேல் திரீவீல் குலுங்கியது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம், திரும்பத் திரும்ப ஊசி வளைவுகள். ஒன்பதாங்கட்டைக்கு முன்னால் ரோடு சட்டென்று அகன்று, மழைத் தண்ணீர் அரித்த ஒரு வெட்டையில் முடிந்தது. அதற்கு அப்பால் தோட்டத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதை மட்டும்தான். வெட்டையின் ஓரத்தில் தகரம் போட்ட ஒரு தேத்தண்ணிக் கடை. நிலாம் இறங்கி நாலா பக்கமும் பார்த்தான்.

"இங்க என்ன மிஸ் இருக்கு? ஒண்ணுமே இல்லையே."

கடைக்காரி மருதாயி தோட்டத்தில் பென்ஷன் வாங்கியவள். நீலக் கார் என்றதுமே அவள் முகம் மலர்ந்தது.

"ஞாயித்துக்கிழமைதானே? வந்தாங்க. ஒரு அம்மா. முன் சீட்டுல உட்கார்ந்து வந்தாங்க. டிரைவர் தம்பி அந்தப் பக்கம் கல்லுல போய் உட்கார்ந்துக்கிட்டாரு. அந்த அம்மா இந்தா, இந்த பெஞ்சிலதான் இருந்தாங்க. ரெண்டு பிளேன்டி குடிச்சாங்க."

"யாரையாவது பார்க்க வந்தாங்களா?"

"எங்க போறீங்கம்மான்னு நானும் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, இங்கதான்னு சொன்னாங்க." மருதாயி சிரித்தாள். "அப்புறம் பேச ஆரம்பிச்சாங்க பாருங்க, ஒரு மணி நேரம்! வாய் ஓயல. நானும் வாயாடிதான், என்னையே மிஞ்சிட்டாங்க. போறப்போ என் கையைப் பிடிச்சிக்கிட்டு விடவே இல்ல."

"என்ன பேசினாங்க?"

மருதாயி கேத்தலை அடுப்பில் தூக்கி வைத்தாள். "அது பொம்பளைங்க பேச்சு. உங்களுக்கு எதுக்கு?"

திரும்பும் வழியில் நிலாம் நாக்கு நுனியில் இருந்த கேள்வியை அடக்கிக்கொண்டே ஓட்டினான். அவனுக்கு அது நோய் வந்த மாதிரி. ஏழாங்கட்டை தாண்டியதும்தான் கேட்டான்.

"மொதலாளி வீட்டு அம்மாதானே மிஸ் அது?"

"ம்."

"எனக்கு ஒண்ணு மட்டும் விளங்கல. புருசன் இல்லாத நேரம் பார்த்து, டிரைவரைக் கூட்டிக்கிட்டு, ஒண்ணுமே இல்லாத இடத்துக்கு யாராவது போவாங்களா?"

அனுஷியா வெளியே பார்த்தபடி சொன்னாள். "நான் போவேன் நிலாம். மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை பஸ் ஏறி, கடைசி ஹோல்ட் வரைக்கும் போய், இறங்காம அதே பஸ்ல திரும்பி வருவேன். கொண்டக்டர் முதல்ல ஏதாவது மறந்துட்டேனான்னு கேப்பாரு. இப்ப கேக்கிறதில்ல. அங்க எனக்கு யாரும் இல்ல. இங்கயும் யாரும் இல்லைங்கிறதுக்காகத்தான் போறது."

நிலாம் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். ஐந்து வருடமாக அவளுடைய பெஞ்சில் உட்கார்ந்து ஊர் விவகாரம் எல்லாம் துருவித் துருவித் தெரிந்துகொண்டவன். இது அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரியாமல் இருந்தது தன்னுடைய பெரிய குற்றமாக அவனுக்குப் பட்டது.

*

இரண்டு மணிக்கு இன்னும் கால் மணி இருந்தது. குமாரவேலின் வீட்டு ஹாலில் சின்னத்தம்பி கதவோரம் நின்றான். குமாரவேல் கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"அம்மாவையும் கூப்பிடுங்க" என்றாள் அனுஷியா.

"அவ எதுக்கு மிஸ்?"

"கூப்பிடுங்க."

அன்னலட்சுமி அடுப்படியிலிருந்து வந்து குசினி வாசலில் நின்றாள். அனுஷியா உடனே அவள் பக்கம் திரும்பவில்லை. மீட்டரில் இருந்து தொடங்கினாள். கிலோமீட்டரும் கட்டையும் வேறு என்பதை நிதானமாகச் சொன்னாள். டயரின் செம்மண்ணைச் சொன்னாள். தார் எங்கே முடிகிறது என்று சொன்னாள். ரோடு முடியும் இடத்துத் தேத்தண்ணிக் கடையில், காரில் வந்த ஆள் கடைக்காரியோடு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்ததையும் சொன்னாள். குமாரவேல் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். பாதி வழியில் அவருடைய தோள் தளர்ந்து முதுகு கதிரையில் சாய்ந்தது.

"அப்ப அந்தச் சந்திக்கு..."

"போகல. உங்க காருக்கும் அந்த லொஜுக்கும் சம்பந்தமே இல்ல. உங்களுக்கு ஒரு ஆபத்தும் இல்ல. சின்னத்தம்பி மேல அந்தக் காகிதம் போயிருந்தா அவருக்கு என்ன ஆகியிருக்கும்னு மட்டும் யோசிங்க."

அன்னலட்சுமியின் முகம் வெளுத்தது. "என்ன காகிதம்?" என்று கேட்டாள். அன்றைக்கு அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அது.

குமாரவேலின் கண் தானாகச் சின்னத்தம்பியின் வெள்ளைச் சட்டைக்குப் போனது. அனுஷியா தொடர்ந்தாள்.

"அப்ப யாரு போனது? வெட்டின சாவின்னு நீங்க சொன்னீங்க மொதலாளி. ஆனா பிள்ளையார் படம் இருந்த இடத்துல, சனிக்கிழமை போட்ட பொலிஷுக்கு மேல குங்குமம் உதிர்ந்திருக்கு. படத்தைத் திரும்பவும் வண்டியில வச்சுத்தான் கிளம்பியிருக்காங்க. படம் உங்க சாமியறையில இருந்துச்சு. களவா வண்டி எடுக்கிறவன் வீட்டுக்குள்ள வந்து சாமி படத்தை எடுத்து, திரும்பவும் அதே இடத்துல கொண்டுபோய் வைப்பானா? சாமி இல்லாத வண்டியில ஏற மனசு வராத ஒருத்தர், சாமியறைக்குள்ள போய் வாற ஒருத்தர், அலுமாரிச் சாவி கையில இருக்கிற ஒருத்தர். இந்த வீட்டுல அது யாரு?"

குமாரவேல் மெதுவாகத் திரும்பி குசினி வாசலைப் பார்த்தார்.

"தேசிக்காயைப் பார்த்து நீங்க செய்வினைன்னு பயந்தீங்க. அது வளைவு ரோட்டுல வயித்தைப் புரட்டாம இருக்க நகத்தால கீறி மோந்து பார்த்துக்கிட்டே போனது. யாருக்கு வண்டி ஒத்துக்காதுன்னு நீங்களேதான் காலையில என்கிட்ட சொன்னீங்க."

"நான்தான் போனேன்" என்றாள் அன்னலட்சுமி. "இதுல இவ்வளவு என்ன இருக்கு? சின்னத்தம்பியை என்ன செய்யப் பார்த்தீங்க?"

"அம்மா, நான் சொல்லல்ல" என்றான் சின்னத்தம்பி. "உங்களுக்கு ஏச்சு விழும்னுதான் சொல்லல்ல."

குமாரவேலுக்குக் கோபமா அழுகையா என்று தெரியவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றாள் அவள். குரலில் சண்டை இல்லை. "செவ்வாய்க்கிழமையிலருந்து மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தீங்க. கடைக் கவலைன்னு நினைச்சேன். ஊர்ல இருக்கிற எல்லாரையும் கேட்டிருக்கீங்க. மிஸ்ஸைக் கேட்டிருக்கீங்க. என்னைய ஒருத்தியைத்தான் கேக்கல்ல."

அனுஷியா சொல்ல நினைத்து வைத்திருந்ததும் அதுதான். இனி அவள் சொல்ல வேண்டியதில்லை.

"அங்க யாரு இருக்கா? எதுக்குப் போனே?"

"யாரும் இல்ல. காரைக் குடுத்துட்டு லொறி எடுக்கப் போறோம்னு சின்னத்தம்பி சொல்லித்தான் எனக்குத் தெரியும். லொறியில நான் எங்க ஏறிப் போறது? இந்தக் கார் ஆறு வருசமா வாசல்ல நிக்குது. நான் ஏறினது நாலு தடவை. அதுவும் பின்னால, சீனி மூட்டையோட. முன்னால உட்கார்ந்து, ஜன்னலை இறக்கிவிட்டு, ஒருதடவை போகணும்னு இருந்துச்சு. ரோடு முடியிற வரைக்கும் போ தம்பின்னு சொன்னேன். போனோம். வந்தோம்."

"உனக்குத்தான் வண்டி ஒத்துக்காதே?"

"கல்யாணம் முடிஞ்ச வருசம், எஹலியகொடைக்குப் போறப்போ பஸ்ல ஒருதடவை வாந்தி எடுத்தேன். ஒரேயொரு தடவை. அதுக்கப்புறம் நீங்க என்னைய எங்கயும் கூட்டிட்டுப் போகல்ல."

வழக்குத் தீர்ந்துவிட்டது. எப்போதும் இந்த இடத்தில் நிலாம் கைதட்டுவான். இப்போது அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றான்.

குமாரவேல் எழுந்து கதவோரம் போனார். "சின்னத்தம்பி, பதினோரு வருசமா உன்னையத் தெரியும். தெரிஞ்சும் செய்யப் பார்த்தேன். மன்னிச்சிரு" என்றார். சின்னத்தம்பி பதறிப்போய், "விடுங்க மொதலாளி, விடுங்க" என்றான். ஆனால் அவன் கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்த வெள்ளைச் சட்டையின் கையிலேயே துடைத்துக்கொண்டான். வீட்டுக்குப் போகச் சொன்னதும் நடந்து போகவில்லை, ஓடினான்.

அனுஷியாவும் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவளுக்கு இனி இங்கே வேலை இல்லை. வாசலில் செருப்பைத் தேடும்போது உள்ளே குமாரவேல் கேட்பது கேட்டது.

"ஒரு மணி நேரம் இருந்ததா மிஸ் முந்தியே சொன்னாங்க, அந்தக் கடைக்காரிகூட. அவ்வளவு நேரம் என்ன பேசினே?"

"உங்களப் பத்தித்தான்."

"என்னையப் பத்தியா? என்ன குறை சொன்னே?"

"குறை ஒண்ணும் சொல்லல்ல. புதுசுல நீங்க கடையைப் பூட்டிட்டு வந்து, அன்னைக்கு யார் யார் வந்தாங்க, யார் என்ன பேசினாங்கன்னு அவங்க மாதிரியே பேசிக் காட்டுவீங்கள்ல? நான் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிப்பேன். அதையெல்லாம் சொன்னேன். அந்த அம்மாவும் சிரிச்சாங்க. உங்க வீட்டுக்காரர் நல்ல மனுசன்போலன்னு சொன்னாங்க. ஆமான்னேன்."

ஹாலில் டெலிபோன் மணி அடித்தது. கடையிலிருந்துதான் இருக்கும், இந்த நேரத்தில் சரக்கு லொறி வரும். அடித்து ஓய்ந்து, மறுபடியும் அடித்தது. குமாரவேல் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"வேற என்ன சொன்னே?" என்று கேட்டார்.